அன்டனாக்காரரிடம் கேளுங்கள்

கேள்வி: 1980களின் கடைசியில் எங்கள் அப்பப்பா வீட்டுக் கூரையில் அன்டனா பூட்டித் தூர்தர்ஷன் பார்த்தாராம். நானும் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில் இருபதடிக் குழாய் நட்டு, இரண்டு பூஸ்டரும் போட்டேன். உள்ளூர் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிகின்றனவே தவிர, வேறொன்றும் வரவில்லை. எங்கே பிழை?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, அப்பப்பா பார்த்தது பொய்யில்லை. நானும் அந்த நாட்களில் கொட்டாஞ்சேனை ஓட்டுக் கூரைகளில் ஏறி இறங்கியவன்தான். மேலே நான் குழாயைத் திருப்புவேன். முற்றத்தில் நிற்கும் அண்ணர் "வருகிறது, வருகிறது… ஐயோ, போய்விட்டது!" என்று கத்துவார். வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' என்ற திரைப்பாட்டு நிகழ்ச்சி நேரத்தில் படம் நின்றால் அடுத்த வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஓடு உடைந்ததற்கு அம்மாவிடம் வாங்கிய ஏச்சு தனிக் கணக்கு.

ஆனால் நீங்கள் தேடுவது இப்போது காற்றில் இல்லை. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் ஒளிபரப்புகளை 2022 வாக்கில் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது. அதற்கு மேல் எத்தனை பூஸ்டர் போட்டாலும் என்ன? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பூஸ்டர் அலையோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். கொழும்பில் உள்ளூர் அலைகள் ஏற்கனவே பலமாக இருப்பதால் அது திணறி, ஒரு நிலையத்தை இன்னொன்றின்மேல் ஏற்றிவிடுகிறது. இரண்டையும் கழற்றி வையுங்கள். பின்னால் எப்போதாவது தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் குழாயின் உச்சியில், அன்டனாவை ஒட்டிப் பூட்டுங்கள். கீழே தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், கம்பியில் இழந்ததை அது மீட்டுத் தராது.

தூரத்து நிலையம் பிடிக்கும் ஆசை விடவில்லை என்றால் எப்.எம். வானொலியில் தொடங்குங்கள். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீற்றர். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், பூமியின் வளைவைக் கணக்கிட்டால் அந்த அலை உங்கள் கூரைக்கு நேராக வரக்கூடிய தூரம் 200 கிலோமீற்றர் சொச்சம்தான். மிச்சத் தூரத்தைக் கடல்தான் கடத்தித் தரவேண்டும். காற்று அசையாத நாட்களில் மன்னார் வளைகுடாவின்மேல் ஈரமான குளிர்காற்று தாழப் படுத்திருக்கும். அதன்மேல் தரையிலிருந்து வந்த உலர்ந்த சூடான காற்று மூடிபோல் நிற்கும். அலை இந்த இரண்டுக்கும் இடையே சிக்கிக் குழாய்க்குள் ஓடும் தண்ணீர்போல வளைந்து வரும். தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் எங்கள் கூட்டம் இதை 'டக்டிங்' என்று சொல்லும். என் கொப்பியில் நல்ல நாட்கள் பெரும்பாலும் தை முதல் சித்திரை வரை, விடியற்காலையில். தென்மேல் பருவக்காற்று கிளம்பிவிட்டால் எல்லாம் கலங்கிவிடும்.

அன்டனா செலவில்லாதது. தலா 71 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில், நடுவில் சிறு இடைவெளி விட்டுப் பூட்டி, அந்த நடுவிலிருந்து 75 ஓம் வயரை (வழக்கமான தொலைக்காட்சி அன்டனா வயர்தான்) இறக்குங்கள். பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்று, முன்னால் சற்றுக் குட்டையானவை இரண்டு மூன்று வைத்தால் யாகி அன்டனா ஆகிவிடும். (1926இல் ஜப்பானில் இதற்காகப் பாடுபட்டவர் பெரும்பாலும் உதா, பெயர் அவருடைய பேராசிரியர் யாகிக்குப் போனது. இந்த அநியாயத்தை எங்கும் சொல்லாமல் விடமாட்டேன்.) அன்டனாவின் முகத்தை, அதாவது குட்டைக் கம்பிகள் உள்ள பக்கத்தை, வடக்கிலிருந்து மேற்குப் பக்கமாக 35 பாகை திருப்புங்கள். வெள்ளவத்தையிலிருந்து அந்தத் திசையில் பெரும்பாலும் கடல்தான், அது உங்கள் அதிர்ஷ்டம். பிறகு ஒரு கொப்பி எடுத்துத் திகதி, நேரம், காற்று, கேட்டது என்று எழுதுங்கள். முதல் மாதம் வெறும் இரைச்சலைத்தான் எழுதுவீர்கள்.

கேள்வி: கொழும்பில் 1975இலேயே ஒரு வீட்டில் செய்மதித் தொலைக்காட்சி பார்த்தார்கள் என்கிறார் நண்பர். நம்பலாமா?
வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: நம்பலாம். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு. ஏ.ரி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செய்மதி வழியாக இந்தியக் கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பானபோது, இஸ்ரோ பொறியியலாளர்கள் வந்து அவருக்கும் ஒரு வட்ட அன்டனா பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதே 1979இல்தான். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்திருக்கக்கூடாதா என்று இன்றும் எனக்கு ஏக்கம்.

கேள்வி: இடி மின்னலுக்கு அன்டனாவை எப்படிப் பாதுகாப்பது?
வாசகர், தெஹிவளை

பதில்: சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி கொழும்பில் பொல்லாதது. குழாயிலிருந்து தடித்த செப்புக் கம்பி ஒன்றை நேராக இறக்கி நிலத்தில் எர்த் செய்யுங்கள். வானம் கறுத்தால் பெட்டியிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள். இடிக்கும்போது கூரைப் பக்கமே போகாதீர்கள். மின்கம்பி அருகில் போகும் கூரையில் குழாயே நடவேண்டாம், சரியும்போது எந்தப் பக்கம் சரியும் என்று அது கேட்டுக்கொண்டு சரியாது.

அன்டனாவில் காகம் கூடு கட்டினால் என்ன செய்வது என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள். நான் ஒரு முறை பொறுக்கவில்லை. இரண்டு கிழமை குடையோடுதான் கூரை ஏறினேன்.