பக்கத்துக் கரும்பு நிலத்தில் கிடங்கு வருகிறதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கரும்பு நிலத்துக்கு மேட்டுப்புறம் உள்ள தோட்டத்தை வாங்கியவர், அங்கே கிடங்கு கட்டுவதற்காக விவசாய மண்டலத்தைத் தொழில் மண்டலமாக மாற்ற விண்ணப்பித்திருக்கிறார். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் எதிர்த்தோம். கவுன்சிலரும் எங்கள் பக்கம்தான். இது போதுமா? – வாசகர், ஸ்டேங்கர், தென்னாப்பிரிக்கா

பதில்: போதாது. இப்படி எதிர்ப்புள்ள விண்ணப்பங்கள் பொதுவாக முனிசிபல் திட்டமிடல் தீர்ப்பாயத்துக்குத்தான் போகும். 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஸ்ப்ளூமா என்ற நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் சட்டப்படி கவுன்சிலர்கள் அதில் உறுப்பினராகவே இருக்க முடியாது. கூட்டத்தில் எவ்வளவு உரக்கப் பேசியிருந்தாலும், கோப்பில் ஏறுவது எழுத்தில் கொடுத்தது மட்டுமே.

அறிவிப்பில் போட்டிருக்கும் கடைசித் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து திட்டமிடல் அலுவலகத்தில் கோப்பைக் கேட்டுப் பாருங்கள். போக்குவரத்து, மழைநீர், மண்வளம் பற்றிய அறிக்கைகள் அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபம். கடிதத்தில் அறிவிப்பில் உள்ளபடியே நில எண், உங்கள் பெயர், முகவரி, உங்களுக்கு வரும் பாதிப்பு, நீங்கள் கேட்கும் முடிவு எல்லாம் இருக்க வேண்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

காரணங்களில் வலுவானது சட்டத்திலேயே இருக்கிறது. வளமான விவசாய நிலத்தைக் காப்பதற்குத் தனிக் கவனம் தர வேண்டும் என்கிறது பிரிவு 7. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முனிசிபாலிட்டியின் எஸ்டிஎஃப் திட்டத்துக்கு முரணாகத் தீர்ப்பாயம் முடிவெடுக்கக் கூடாது, அந்த இடத்துக்கே உரிய சிறப்புக் காரணம் இருந்தால் ஒழிய, என்கிறது பிரிவு 22. ஆகவே அந்தத் திட்ட வரைபடத்தில் மேட்டு நிலம் விவசாயம் என்று காட்டப்பட்டிருந்தால், பக்க எண்ணோடு எழுதுங்கள். அடுத்தது தண்ணீர். கூரையும் தார்த்தளமும் மழையை உறிஞ்சாது. அவ்வளவும் சரிவில் இறங்கி உங்கள் பாத்திகளை அரிக்கும். மழை முடிந்ததும் எடுத்த படங்களை இணையுங்கள். அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைப்பவரானால் அதையும் சொல்லுங்கள். நாளை புகையும் சாம்பலும் கிடங்கில் விழுகிறது என்று புகார் வந்தால், கட்டுப்பாடு உங்கள் விவசாயத்தின் மேல்தான் விழும்.

ஒரே வாசகத்தின் கீழ் நூறு கையெழுத்து வாங்குவதைவிட, தனித்தனிப் பாதிப்பைச் சொல்லும் ஐந்து கடிதங்கள் மேல். ‘அனுமதித்தே தீருவதானால்’ என்று நிபந்தனைகளையும் கேளுங்கள்: மழைநீரைத் தேக்கி மெதுவாக விடும் குளம் அவர் எல்லைக்குள்ளேயே, லாரிகளுக்குத் தனி வழி. இதை விட்டுக்கொடுத்தலாக எண்ணிப் பலர் தவிர்க்கிறார்கள். பிறகு எந்த நிபந்தனையும் இல்லாத அனுமதி வந்து நிற்கிறது.

தேதி தவறிவிட்டால் பிரிவு 45இன்படி இடையீட்டாளராக, அதாவது பாதிக்கப்படும் தரப்பாக, விசாரணையில் சேர மனுச் செய்யலாம். பாதிப்பை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். அனுமதி கிடைத்துவிட்டால், முடிவு அறிவிக்கப்பட்ட தேதியிலிருந்து 21 நாளுக்குள் முனிசிபல் மேலாளருக்கு எழுத்தில் மேல்முறையீடு.

கவுன்சிலர் உண்மையில் உதவக்கூடிய இடம் வேறு. எஸ்டிஎஃப் திட்டத்தை ஏற்பது கவுன்சில். அதற்கு முன் பொதுமக்கள் கருத்துக்கு 60 நாள் தர வேண்டும். அந்த 60 நாளில் யாரும் வாய் திறக்காததால்தான் பல கரும்புத் தோட்டங்கள் வரைபடத்தில் நிறம் மாறிவிடுகின்றன.

கேள்வி: அப்பாவின் 12 ஹெக்டேர் கரும்பு நிலத்தை மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்து உயில் எழுதலாமா? – வாசகி, உம்சிண்டோ

பதில்: எழுதலாம், ஆனால் அனுமதி இல்லாமல் பிரிவினை பதிவாகாது. விவசாய நிலத்தைத் துண்டாட, 1970ஆம் ஆண்டின் 70ஆம் சட்டப்படி வேளாண் அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. பிரிக்காமல் மூவர் பெயரில் கூட்டாக விடுவதற்கும் அது தேவை. ஒரு பகுதியை 10 ஆண்டோ அதற்கு மேலோ குத்தகைக்கு விடுவதும் இதில் அடங்கும். ‘இப்போது முனிசிபாலிட்டிக்குள் வந்துவிட்டோமே, இனி இது விவசாய நிலம் இல்லையே’ என்ற வாதத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 2008இல் ஏற்கவில்லை. நிலத்தை ஒரு கம்பெனி அல்லது டிரஸ்ட் பெயரில் வைத்துப் பங்குகளைப் பிரிப்பது ஒரு வழி. ஒருவர் நிலத்தை எடுத்து மற்ற இருவருக்கும் பணம் தருவது இன்னொன்று. அனுமதி மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்ற மாற்று வரியும் உயிலில் இருக்கட்டும். அப்பா இருக்கும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: தோட்டத்துக் கொட்டகையில் ஊராரின் டிராக்டர்களையும் பழுதுபார்க்கலாமா? – வாசகர், டோங்காட்

பதில்: உங்கள் டிராக்டர் என்றால் அது விவசாயம்; காசு வாங்கி ஊர் டிராக்டரைப் பார்த்தால் தொழில். மண்டல விதி அட்டவணையில் தாராளமாகச் செய்யலாம், ஒப்புதலோடு செய்யலாம், செய்யவே கூடாது என்று பிரித்திருப்பார்கள். உங்கள் மண்டலத்தில் இந்தத் தொழில் எதில் வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கொட்டகைக்குச் செலவு செய்யுங்கள்.