மென்டரும் கம்யூனிட்டியும்: வாரத்துக்கு மூன்று மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக பேக்கெண்ட் டெவலப்பர் வேலை. பெரும்பாலும் பழைய சிஸ்டத்தில் பக் சரிசெய்வதுதான். 'கம்யூனிட்டியில் இறங்கு, நல்ல மென்டரை (வழிகாட்டியை) பிடி' என்கிறார்கள். மீட்டப்புகளுக்குப் போனேன், கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும் ஏழு ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ரீட்மீ (அறிமுகக் கோப்பு) திருத்தம் அனுப்பினேன், சில சீனியர்களிடம் 'எனக்கு மென்டராக இருப்பீர்களா' என்று கேட்டு எழுதினேன். ஒன்றும் நகரவில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும். எப்படிச் செலவிடுவது?

பதில்: நீங்கள் போட்ட உழைப்பு சிதறிப் போயிருக்கிறது. ஏழு திட்டங்களுக்குத் தலா ஒரு திருத்தம் அனுப்பியவரை ஏழு இடத்திலும் யாருக்கும் நினைவிருக்காது. ஒரே திட்டத்துக்கு ஏழு திருத்தம் அனுப்பியவரின் பெயர் அதைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்குப் பழகியிருக்கும். ஓப்பன் சோர்ஸில் பொறுப்பு கைமாறுவதே அப்படித்தான். அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் கமிட்டர் (கோடை நேரடியாக மாற்றும் உரிமை பெற்றவர்) ஆவதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. ஒருவரின் வேலையைத் தொடர்ந்து பார்த்துவருகிறவர்களே அவர் பெயரை முன்மொழிந்து, வாக்கெடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு அந்த மூன்று மணி நேரமும் ஒரே திட்டத்துக்குப் போகட்டும்.

எந்தத் திட்டம்? அலுவலகத்தில் தினமும் பயன்படுத்துகிற லைப்ரரிகளில் ஒன்று. அதன் குணம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்டார் எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ரொம்பப் பிரபலமான திட்டங்களில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர் தொடங்க ஏற்றது) லேபிள் ஒட்டிய வேலைக்கு அன்றைக்கே நாலு பேர் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். கடைசியாக மூடப்பட்ட 20 புல் ரெக்வெஸ்ட்களை, அதாவது திருத்தத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்பியவற்றை, திறந்து பாருங்கள். வெளியாட்கள் அனுப்பியவை எத்தனை, அவற்றில் மெர்ஜ் ஆனவை (திட்டத்தில் சேர்க்கப்பட்டவை) எத்தனை, முதல் பதில் வர எத்தனை நாள் ஆனது? வெளியாட்களுடையது ஒன்றுகூட மெர்ஜ் ஆகவில்லை, அல்லது மாதக்கணக்கில் பதிலே இல்லை என்றால் அந்தத் திட்டத்தை விட்டுவிடலாம்.

தொடங்குவதற்கு முன் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். சொந்த நேரத்தில் எழுதிய கோடும் நிறுவனத்துக்கே சொந்தம் என்கிற ஷரத்து பல ஒப்பந்தங்களில் இருக்கும். இருந்தால் மேலாளரிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, புரொடக்‌ஷன் லாகை அப்படியே எடுத்து இஷ்யூவில் (திட்டத்தின் பொதுப் பிழைப் பதிவில்) ஒட்டாதீர்கள். வாடிக்கையாளர் விவரம், உள் சர்வர் பெயர், டோக்கன் எல்லாம் அதோடு வெளியே போய்விடும்.

முதல் மாதம் கோடு எழுத வேண்டாம். 'வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரியோடு கிடக்கும் இஷ்யூக்கள் எந்தத் திட்டத்திலும் டஜன் கணக்கில் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து உங்கள் கணினியில் மறுபடி நிகழ்த்திப் பாருங்கள். நிகழ்ந்தால், தொடர்பில்லாத பகுதிகளை ஒவ்வொன்றாக வெட்டி, 20 வரிக்குள் பிழையைக் காட்டும் சின்ன புரோகிராமாகச் சுருக்குங்கள். பழைய பதிப்பில் இல்லாமல் புதியதில் வருகிறதா? எந்த மாற்றத்தில் (கமிட்டில்) பிழை நுழைந்தது என்று தேடித்தரும் கிட் பைசெக்ட் கட்டளையைப் போடுங்கள். ஒவ்வொரு படியிலும் பாதியைக் கழித்துவிடுவதால் 1,000 கமிட்டுகளுக்கு நடுவே குற்றவாளியைப் பிடிக்கப் பத்து சோதனைகள் போதும். எந்தக் கமிட்டில் உடைந்தது, எந்தச் சூழலில் உடைகிறது, எதில் உடையவில்லை என்று இஷ்யூவில் நான்கு வரி எழுதுங்கள். மெயின்டெய்னருக்கு நேரமே கிடைக்காத வேலை இது. பழைய சிஸ்டத்தில் நான்கு ஆண்டு பக் தேடிய உங்களுக்கோ கைவந்த கலை.

அடுத்து புல் ரெக்வெஸ்ட். முதலில் அந்தப் பிழையில் தோற்கும் டெஸ்ட் ஒன்று, பிறகு அதைத் தேறவைக்கும் திருத்தம். வேறெதையும் தொடாதீர்கள். எடிட்டரின் ஆட்டோ ஃபார்மேட்டை நிறுத்தாமல் விட்டால் ஆறு வரித் திருத்தம் முந்நூறு வரியாகப் போய் நிற்கும். யாரும் படிக்க மாட்டார்கள். பங்களிப்பு விதிகளைச் சொல்லும் கான்ட்ரிபியூட்டிங் கோப்பில் சைன்-ஆஃப் (கையொப்ப) வரியோ ஒப்புதல் படிவமோ கேட்டிருந்தால் முதலிலேயே முடித்துவிடுங்கள். ஏஐ கருவி எழுதித் தந்ததில் உங்களால் விளக்க முடியாத ஒரு வரிகூட இருக்கக் கூடாது. ரிவ்யூ செய்பவர் 'இது ஏன்?' என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம்.

ரீட்மீ திருத்தங்கள் ஏன் எடுபடவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020இல், பரிசான டி-ஷர்ட்டுக்காக அர்த்தமற்ற புல் ரெக்வெஸ்ட்கள் வந்து குவிந்தன. நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே, விரும்பிச் சேரும் திட்டங்களில் செய்வது மட்டும்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஒற்றைச் சொல் திருத்தத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு.

மென்டர் விஷயத்துக்கு வருவோம். 'மென்டராக இருப்பீர்களா' என்பதற்கு எல்லையே இல்லை. எவ்வளவு நேரம், எத்தனை மாதம், எதைப் பற்றி என்று தெரியாத வேலையை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். இப்படி: 'பேமென்ட் கியூவில் ஒரே மெசேஜ் இரண்டு முறை வருகிறது. டேட்டாபேஸில் யுனீக் கீ வைத்துத் தடுப்பதா, தனி டீடூப் டேபிள் வைப்பதா என்று யோசிக்கிறேன். மெசேஜ் ஐடி ரீட்ரையில் மாறிவிடுவதால் இரண்டாவதில் சிக்கல் தெரிகிறது. எதையாவது கவனிக்காமல் விட்டேனா?' உங்கள் யோசனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இது காட்டுகிறது. பதில் வந்தால், சொன்னதைச் செய்துபார்த்து என்ன ஆயிற்று என்று இரண்டு வாரத்தில் எழுதுங்கள். பெரும்பாலோர் இந்த இரண்டாவது கடிதத்தை எழுதுவதே இல்லை. உறவு நிலைப்பதோ அதில்தான்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத் தேடாதீர்கள். நுட்ப விஷயத்துக்கு உங்கள் புல் ரெக்வெஸ்ட்டை ரிவ்யூ செய்கிறவர் போதும். பதவி உயர்வுக்கு அவரால் உதவ முடியாது. அதற்கு உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே, நீங்கள் இல்லாத கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவர் தேவை.

மென்டரோடு சேர்த்து வேலை தரும் முறையான திட்டங்களும் உண்டு, ஆனால் உங்கள் நேரத்துக்குப் பொருந்தாது. கூகுள் சம்மர் ஆஃப் கோடு 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களையும் எடுக்கிறது. அதில் சிறிய வேலைக்கே சுமார் 90 மணி நேரம் வேண்டும். அதுபோன்ற இன்டர்ன்ஷிப் திட்டமான அவுட்ரீச்சியில் வாரம் 30 மணி நேரம். அதைவிட, புரோகிராமிங் பயிற்சித் தளமான எக்ஸர்சிசத்தில் நீங்களே மென்டராகச் சேர்ந்து மாதம் இரண்டு மூன்று பேரின் விடைகளைப் பார்த்துக் கருத்து எழுதலாம். 'இது தவறு' என்று எழுதாமல், எந்த இன்புட்டில் உடையும் என்று காட்டப் பழகினால் அலுவலக கோடு ரிவ்யூவும் மாறும்.

மீட்டப்பைப் பொறுத்தவரை, பத்துக் கூட்டத்தில் பார்வையாளராக உட்காருவதைவிட ஒரு ஐந்து நிமிட லைட்னிங் டாக் (குறும்பேச்சு) கொடுப்பது மேல். பைசெக்டில் பிடித்த அந்த பக் ஒன்றே அதற்குத் தலைப்பாகும். கூட்டம் ஏற்பாடு செய்யும் வேலை மட்டும் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல காரியம்தான், ஆனால் மூன்று மணி நேரத்தையும் அதுவே விழுங்கிவிடும்.

இதையெல்லாம் மேலாளர் தானாகக் கவனிப்பார் என்று இருக்காதீர்கள். ஆண்டு மதிப்பீட்டில் 'ஓப்பன் சோர்ஸில் பங்களித்தேன்' என்று எழுதினால் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவார்கள். 'கனெக்‌ஷன் லீக்கை லைப்ரரியிலேயே சரிசெய்தேன். நாம் தனியாகப் பராமரித்த பேட்ச் இனி தேவையில்லை' என்று எழுதி லிங்க்கைக் கொடுங்கள். நேர்காணலிலும் அந்த ரிவ்யூ உரையாடலையே காட்டலாம். மூன்று மாதம் ஆகியும் நீங்கள் அனுப்பியவற்றை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்றால், ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் திட்டத்தை மாற்றுங்கள்.