பழைய கப்பல் மாடலுக்குப் பாய்மர உயரத்தை எப்படிக் கணக்கிடுவது?

பரணில் கிடைத்த மாடலில் அடிக்கூடு மட்டும்தான் இருக்கிறது, மரங்களும் இல்லை, வரைபடமும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாட்டுக் கப்பல், எந்தக் காலம் என்பதை முதலில் பிடியுங்கள். நான் சொல்வது 1800-ஐ ஒட்டி ஆங்கிலேயர் போர்க்கப்பல்களுக்கு வைத்திருந்த கணக்கு. டச்சுக் கப்பலுக்கு இது ஒத்துவராது.

காரைக்குடியில் உட்கார்ந்து நான் செய்தது ‘டிரிங்கோமலீ’ என்ற போர்க்கப்பலின் மாடல். நம் திருகோணமலைதான், ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆகிவிட்டது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-இல் கடலில் இறக்கியது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்னும் மிதக்கிறது. தட்டின், அதாவது கப்பல் தளத்தின், நீளம் ஏறக்குறைய 150 அடி, அகலம் 40. கூட்டிப் பாதியாக்கினால் 95 அடி. அதுதான் நடுப்பாய்மரத்தின் அடிமரம். முன்மரம் அதில் ஒன்பதில் எட்டு. அடிமரத்தின் மேல் ஏறும் இரண்டாம் மரம் ஐந்தில் மூன்று, அதாவது 57 அடி. அதற்கும் மேலே உள்ளது இரண்டாம் மரத்தில் பாதி.

96-இல் ஒரு பங்காகச் செய்ததால் அடிக்கு அரைக்கால் அங்குலம். 95 அடிக்குப் பதினொன்றே முக்காலே அரைக்கால். ஐயா அடித்துச் சொல்லிக்கொடுத்த கீழ்வாய் இலக்கம் (பின்னக் கணக்கு) அன்றைக்குத்தான் உதவியது.

வெட்டித் தட்டின் மேல் நட்டேன். வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தா பார்த்துவிட்டு, “என்னப்பா, கொடிமரத்துக்குக் கீழே கப்பலை ஒட்டவச்ச மாதிரி இருக்கு” என்றார்கள். கணக்கு சரி, அளந்த இடம்தான் தப்பு. அந்த 95 அடி தட்டிலிருந்து தொடங்குவதில்லை. கப்பலின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் ஏராக்கட்டையின் மேல் ஊன்றிய இடத்திலிருந்து தொடங்குகிறது. என் மரம் இரண்டு அங்குலத்துக்கு மேல் கூடுதலாக நின்றது.

இன்னொன்று: 95-ஐயும் 57-ஐயும் அப்படியே கூட்டாதீர்கள். அடிமரத்தின் தலைப்பகுதியும் இரண்டாம் மரத்தின் காலும் கொஞ்ச தூரம் இரட்டையாக ஓடும். அது அடிமர நீளத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு.

அடிமரத்தின் தடிமன், பெரிய கப்பலுக்கு நீளத்தில் கெஜத்துக்கு (மூன்று அடிக்கு) ஓர் அங்குலம்; இதற்குப் பத்தில் ஒன்பது. மாடலில் ஏழரை மில்லிமீட்டர் வந்தது. இடித்த வீட்டுப் பர்மா தேக்குத் துண்டு கையில் இருந்ததால் அதைச் சீவினேன். தூணுக்கு ராஜா, குச்சிக்கு ஆகவில்லை: ரேகை பெரிதாகத் தெரிந்தது, நுனி சிலும்பியது. மஞ்சக்கடம்புக்கு மாறினேன்.

உங்கள் மாடலின் தட்டில் உள்ள துளைக்குள் ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள். ஏரா வரை போனால் முழு நீளம் வெட்டலாம். நடுவில் நின்றால், மீதி ஆழத்தைக் கழித்துவிட்டு வெட்டுங்கள்.