பழைய லேண்ட் ரோவருக்கு எஞ்சின் மாற்ற வேண்டும், வி8 போடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1970களின் லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வைத்திருக்கிறீர்கள், 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் பிளாக் விரிசல் விட்டுவிட்டது, லெக்சஸ் வி8 வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். லேண்ட் ரோவரின் சொந்த 200 டிடிஐ டீசல் எஞ்சின் கிடைத்தால் வையுங்கள். கிடைக்காவிட்டால் அதே 2.25 பெட்ரோலை இன்னொன்று தேடுங்கள். இரண்டையும் என் சீரிஸ் 3-இல் ஓட்டியிருக்கிறேன்.

லெக்சஸ் 4 லிட்டர் வி8 நல்ல எஞ்சின்தான். ஹைலக்ஸ் பக்கியில் (பிக்கப்பை இங்கே பக்கி என்பார்கள்) அது பாடுகிற பாட்டுக்கு நானும் மயங்கியிருக்கிறேன். ஆனால் உங்கள் வண்டியின் கியர்பாக்ஸும் பின் ஆக்சில் ஷாஃப்டும் சுமார் 70 குதிரைத்திறனுக்காகச் செய்தவை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வி8 வைத்தால் இத்தனையையும் மாற்ற வேண்டும். அப்புறம் அது லேண்ட் ரோவராகவே இருக்காது.

200 டிடிஐ உங்கள் 2.25-இன் அதே குடும்பத்து எஞ்சின், 2.5 லிட்டர், டர்போ, ஏறக்குறைய 110 குதிரைத்திறன். சீரிஸ் கியர்பாக்ஸோடு சின்னச் சின்ன வேலையிலேயே பொருந்திவிடும். 300 டிடிஐ என்றால் நடுவில் அடாப்டர் தட்டு வேண்டும். எதுவானாலும் இழுவை கூடுகிறது, அதனால் பாறையில் சிக்கினால் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்காதீர்கள், ஷாஃப்ட் முறிந்துவிடும்.

லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய் போகிறவர் என்றால் டர்போவின் அருமை தெரியும். உச்சி 2,876 மீட்டர். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஏறக்குறைய கால்வாசி சக்தியை இழந்துவிடும். பெட்ரோலில் போனபோது கடைசி வளைவுகளில் லோ ரேஞ்ச் (ஏற்றத்துக்கான மெதுவான கியர் வரிசை) முதல் கியரிலேயே உருட்டினேன். டிடிஐ-யில் அதே வளைவுகள் லோ இரண்டாவதில் ஏறின. நெடுஞ்சாலையில்தான் கஷ்டம்: 4.7 டிஃப்பில் (ஆக்சிலில் இருக்கும் டிஃபரென்ஷியல்; எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும்) மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டினால் எஞ்சின் கத்தும். பழைய ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃப் பொருந்தும், ஆனால் மலையில் ஊர்ந்து ஏறும் பலம் குறையும். நான் 4.7-ஐயே வைத்துக்கொண்டேன்.

எந்த எஞ்சின் என்பதைவிட அது எந்த நிலையில் இருக்கிறது என்பது முக்கியம். நான் வாங்கிய முதல் டிடிஐ, பழைய பாகங்கள் விற்கும் யார்டில் சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. நான் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஜூலையில் (இங்கே அது குளிர்காலம்) மலையடிவார ஊரான அண்டர்பெர்க்கின் குளிரில் ஒரு காலையில் அரை மணி நேரம் சுற்றியும் பற்றவில்லை, கம்ப்ரெஷனே இல்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எனக்கு வண்டி பார்க்கும் அண்ணன், "தம்பி, முதலில் பிளாக்கில் கையை வை, காதை அப்புறம் கொடு" என்றார். கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறட்டும் என்று காத்திருங்கள். ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அதே துளைமேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. குதித்து விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சின். மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் வண்டியில் ஏற்றும் முன் டைமிங் பெல்ட்டைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் எண் மாறினால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி வண்டிப் பதிவிலும் திருத்த வேண்டும். எண் சுரண்டியிருந்தால், எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.