லிவர் சுருக்கம் உள்ளவருக்குப் போன முறை கேட்ட ஆன்டிபயாடிக் இந்த முறை ஏன் கேட்கவில்லை?

உங்கள் அப்பாவுக்குப் போன வருடம் வயிற்று நீரில் தொற்று வந்தபோது செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியிலேயே சரியாகிவிட்டது, இப்போது அதே ஊசியை மூன்று நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, மருந்து போலியாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மருந்தில் கோளாறு இருக்காது, கிருமிதான் மாறியிருக்கும். நான் டாக்டர் இல்லை. சேலத்தில் ஒரு மருத்துவமனை லேபில் கல்ச்சர் பார்க்கிற வேலை, அதாவது நோயாளியின் சாம்பிளில் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது. அங்கே தினமும் கண்ணில் படுவதை வைத்துச் சொல்கிறேன்.

லிவர் சுருங்கியவர்களுக்குத் தொற்று வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. குடலில் இருக்கிற கிருமிகள் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும். நல்ல லிவர் அவற்றைப் பிடித்து அழித்துவிடும், சுருங்கிய லிவருக்கு அந்தத் தெம்பு இல்லை. வயிற்றில் தேங்கிய நீரிலும் கிருமியை எதிர்க்கிற புரதம் குறைவு. அதனால் முன்பெல்லாம் இந்த நீரில் வளர்ந்தவை பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும்தான். 1980-களில் வந்த செஃபோடாக்சைம் இவற்றை நன்றாகவே அடக்கியது. உங்கள் அப்பாவுக்குப் போட்ட ஊசியும் அதே குடும்பம்.

அப்புறம் நிலைமை மாறியது. தொற்று திரும்ப வராமலிருக்க நார்ஃப்ளாக்சசின் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுக்கும் வழக்கம் 1990-களில் பரவியது. பலருக்கு அது உயிர் காத்தது, ஆனால் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடலில் தங்கிப் பெருகின. அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுப்பது, நரம்பில் ஊசி, சிறுநீர்க் குழாய் என்று ஸ்டஃபைலோகாக்கஸ், என்டரோகாக்கஸ் வகைக் கிருமிகளுக்கும் வழி கிடைத்தது. 2002-லேயே பார்சிலோனா மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள். என்டரோகாக்கஸ் மீது செஃப்ட்ரியாக்ஸோன் இயல்பிலேயே வேலை செய்யாது.

நம் ஊரில் பெரிய தலைவலி ஈஎஸ்பிஎல் என்கிற நொதி. அது இருக்கிற ஈ.கோலை செஃப்ட்ரியாக்ஸோனை உடைத்துப்போட்டுவிடும். 2019-ல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வில், 46 மையங்களில் தொற்றோடு சேர்ந்த 1302 சிரோசிஸ் (லிவர் சுருக்கம்) நோயாளிகளைப் பார்த்தார்கள். அதில் 34 சதவீதம் பேருக்குப் பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி. ஆசியாவில் கூடுதல், அதிலும் இந்தியாவில் மிக அதிகம்.

லேபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிளேட் முழுக்கக் கிருமியைத் தடவி, மருந்து தோய்த்த பொட்டு அளவு காகித வட்டங்களை வைத்து, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். காலையில் கேட்கிற மருந்தைச் சுற்றித் தெளிவான வளையம் விழுந்திருக்கும். கேட்காத மருந்தின் விளிம்பு வரைக்கும் கிருமி படர்ந்திருக்கும். ஏற்காட்டில் காபி தோட்ட வேலைக்குப் போகிற ஓர் அம்மா, கணவரின் ரிப்போர்ட் வாங்க வந்து, "இதுல எந்த மருந்து கேக்கும்னு போட்டிருக்கா தம்பி?" என்றார். மெரோபெனமும் அமிகாசினும் மட்டும்தான் மிச்சம். அமிகாசின் கிட்னியைப் பாதிக்கும், இந்த நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கவே டாக்டர்கள் தயங்குவார்கள். மலையிலிருந்து இறக்குவதற்கு முன்னால் சீட்டு இல்லாமலேயே கடையில் செஃபிக்ஸிம் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது 2014 முதல் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டிய மருந்து. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காய்ச்சல் அடிக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் பக்கத்துக் கடைக்குத்தான் ஓடுவார்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வயிற்று நீரை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லி இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு 250-க்கு மேல் இருந்தால் தொற்று என்று கணக்கு. ஊசி ஆரம்பித்து 48 மணி நேரத்தில் அந்த எண்ணிக்கை கால் பங்காவது குறையவில்லை என்றால் மருந்தை மாற்ற யோசிப்பார்கள். முதல் நாளே கல்ச்சர் அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். படுக்கை அருகிலேயே நீரை ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றினால்தான் கிருமி வளர வாய்ப்பு அதிகம், சாதாரண டப்பாவில் வந்தால் பல தடவை ஒன்றுமே வளராது. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன், ஏனென்றால் ஆன்டிபயாடிக் ஏறிய பிறகு வருகிற சாம்பிளில் எங்களால் சொல்ல முடிவது ரொம்பக் குறைவு. அதற்காக கல்ச்சர் ரிசல்ட் வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கவும் கூடாது. சாம்பிள் எடுத்த கையோடு மருந்து ஏற வேண்டும்.

கிட்னியைக் காக்க ஆல்புமின் என்கிற ரத்தப் புரதத்தை நரம்பில் ஏற்றுவார்கள், முதல் நாள் எடைக்கு கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். விலை அதிகம்தான், ஆனால் 1999-ல் வந்த ஆய்விலேயே உயிரிழப்பைக் குறைப்பதாகத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

போன வருடத்துக் கல்ச்சர் ரிப்போர்ட், கொடுத்த ஆன்டிபயாடிக் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். வாயுத் தொல்லைக்கு என்று பான்டோப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை) தினமும் போடுகிறாரா? அது தொற்று அபாயத்தைக் கூட்டலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, காய்ச்சலே இல்லாமல் அப்பா பேச்சில் தடுமாறினாலோ, பகலில் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.