சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

வயதான பெற்றோருடன் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மாவை அழைத்துக்கொண்டு இதே வழியில் போய்வந்தேன்.

சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையம் வரை நேர்தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் சுமார் பதினெட்டரை மணியிலிருந்து பத்தொன்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பக்கத்து நியூவார்க்குக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

15,300-ஐ மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்தால் பதினேழு மணிதானே வருகிறது என்று தோன்றும். உலக உருண்டையில் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள், மிகக் குறுகிய வழி வடதுருவத்துக்குப் பக்கத்தில் போகும். விமானங்கள் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்றைப் பிடித்துக்கொண்டு, பசிபிக் கடலைக் கடந்து போகின்றன. வழி நீண்டாலும் எரிபொருள் மிச்சம். திரும்பும்போது எங்கள் விமானம் அட்லாண்டிக், ஐரோப்பா, இந்தியா என்று மறுபடியும் கிழக்கு நோக்கியே வந்தது. போனதும் வந்ததும் சேர்ந்து உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டோம். இருக்கைத் திரையில் சென்னை என்ற பெயரைப் பார்த்ததும் அம்மா என்னை எழுப்பிக் காட்டினார்.

சரி, டிக்கெட் விஷயம். இந்த நேரடிச் சேவைக்கென்றே கூடுதல் எரிபொருள் கொள்ளும் ஏ350 விமானம் பறக்கிறது. அதில் பிசினஸும் பிரீமியம் எகானமியும் மட்டுமே, சாதாரண எகானமி கிடையாது. செலவைக் குறைக்க நினைத்தால் பிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானத்தைப் பாருங்கள். நேரம் இன்னும் சில மணி கூடும். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடப்பது நல்லது என்றே நான் சொல்வேன். நேரடியாகப் போவதென்றால் நடைவழியை ஒட்டிய இருக்கை வாங்கி, இரண்டு மணிக்கொரு முறை எழுப்பி நடக்க வையுங்கள்.

முக்கியமாகத் தேதியைக் கவனியுங்கள். கோடையில் இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. கோடையில் சிங்கப்பூரில் பகல் 12 மணிக்கு ஏறி, 18 மணி 40 நிமிடம் பறந்தால் நியூயார்க்கில் அதே நாள் மாலை 6.40. நாளே நகராதது போல இருக்கும். திரும்பும்போது நேர்மாறு. இரவு பத்தரைக்கு ஏறினால், வந்து இறங்குவது மூன்றாம் நாள் விடியற்காலை 5.10. நடுவில் உள்ள நாள் முழுக்க வானத்திலேயே கழிந்துவிடும்.

எங்களுக்கு அந்த நடு நாள் வெள்ளிக்கிழமையாக அமைய இருந்தது. அன்றுதான் அப்பாவின் திதி. வியாழன் இரவு விமானத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். "வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்போம்ல?" என்று அம்மா கேட்டபோதுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், சனிக்கிழமை என்று வந்தது. கூடுதல் பணம் கட்டிப் புதன் இரவுக்கு மாற்றினோம். வெள்ளி விடிவதற்குள் சாங்கியில் இறங்கி, அம்மா குளித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.