ஆப்பிரிக்காவுக்கு ஸ்வெட்டர் எதற்கு?

கேள்வி: ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தானே? ஜூலையில் நைரோபி, விக்டோரியா அருவி, கேப் டவுன் மூன்றையும் பார்க்கப் போகிறோம். பருத்தி உடைகள் மட்டும் போதுமா?

பதில்: போதாது. மூன்று இடத்திலும் நடுங்குவீர்கள், ஒவ்வோர் இடத்திலும் வேறொரு காரணத்துக்காக.

கென்யாவின் தலைநகர் நைரோபி நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்தான். ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. வருடத்திலேயே குளிர்ந்த மாதம் அங்கே ஜூலைதான். பகலில் 22 டிகிரி, இரவில் 11, 12. வானம் மூடியே கிடக்கும், பெரிய மழை இராது. மழை மேகங்கள் திரளும் பட்டை ஒன்று சூரியனின் பின்னால் வடக்கும் தெற்குமாகப் போய்வருகிறது. வழியில் நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடப்பதால் கென்யாவுக்கு மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. நீங்கள் போகும் நேரத்தில் அது வடக்கே, சஹாராவின் தென்விளிம்பில் பெய்துகொண்டிருக்கும்.

சாம்பியா–ஜிம்பாப்வே எல்லையில் உள்ள விக்டோரியா அருவிப் பக்கம் ஜூலையில் மேகமே இருக்காது. பகலில் 25 டிகிரி. மேகப் போர்வை இல்லாததால் இரவில் சூடெல்லாம் வெளியேறி, விடியற்காலையில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். திறந்த ஜீப்பில் விலங்கு பார்க்கக் கிளம்புவது அந்த நேரத்தில்தான். “மழை இல்லையே, அருவியில் தண்ணீர் இருக்குமா?” என்று அடுத்து கேட்பீர்கள். இருக்கும். மழைக்காலம் வேறு, வெள்ளக்காலம் வேறு. அருவியாக விழும் ஜாம்பெசி ஆற்றின் மேல்பகுதியில் பெய்த மழை அருவிக்கு வந்து சேர்ந்து உச்சத்தைத் தொடுவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது போனால் சாரல் புகையில் அருவியே கண்ணுக்குத் தெரியாது. அக்டோபர், நவம்பரில் சாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறை. ஜூலை நல்ல மாதம். இதை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டா இன்னும் வேடிக்கை. அங்கோலா மேட்டுநிலத்தில் வருடத் தொடக்கத்தில் பெய்த மழை, சரிவே இல்லாத நிலத்தில் மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் ஒரு சொட்டு மழையும் இல்லாத ஜூன்–ஆகஸ்டில்தான் டெல்டாவை நிரப்புகிறது.

கேப் டவுன் தலைகீழ். தென்னாப்பிரிக்காவின் பெரும்பகுதி கோடையில் நனையும்; ஜோகன்னஸ்பர்கில் ஜூலை காய்ந்துகிடக்கும். தென்மேற்கு மூலையில் உள்ள கேப் டவுனுக்கோ ஜூலையில் வரும் குளிர்காலம்தான் மழைக்காலம். அட்லான்டிக்கிலிருந்து மேலைக்காற்றோடு வரும் குளிர்முகங்கள், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்புகள், மழையைக் கொட்டிவிட்டுப் போகும். பகலில் 18 டிகிரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். குடை வேண்டாம், காற்று திருப்பிப்போட்டுவிடும். தலைமூடி வைத்த, காற்றுப் புகாத மழைக்கோட்டு வாங்குங்கள். டேபிள் மலை ரோப் காரை வழக்கமாக ஜூலைக் கடைசியை ஒட்டி ஒரு வாரம் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். மற்ற நாட்களிலும் காற்று பலமாக அடித்தால் ஓடாது. தேதியைப் பார்த்துக்கொண்டு, மலைக்கென்று ஒரு நாளை மட்டும் ஒதுக்காமல் இரண்டு நாள் கையில் வையுங்கள்.

பருத்திச் சட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஸ்வெட்டருக்கு உள்ளே போட்டுக்கொள்ள ஆகும்.